ஆறாம் வகுப்பில் எழுதப்படும் சாதி

காவலூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தொலைநோக்கிதான் நினைவுக்கு வரும். வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி. எனக்கு நினைவு வருவது ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காவலூர்ப் பையன்.

1991 ஜூன். சமவெளியில் ஒரு கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப்பள்ளி. ஆலங்காயம் பக்கத்துக் காலனியில் ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு நான் போய்ச் சேர்ந்தேன். அவன் டிரங்குப் பெட்டியோடு மலையிலிருந்து இறங்கி போர்டிங்கில் சேர்ந்திருந்தான். அதுவரை ஒரே வாத்தியார், ஒரே அறை. இங்கே மணி அடிக்க அடிக்க வாத்தியார்கள் மாறினார்கள். வெள்ளைச் சட்டை, காக்கி டவுசர், உயரப்படி வரிசை. ஆங்கிலப் பாடத்தில் இருவருமே ஊமைகள். அவன் கொண்டுவந்த சாமை அதிரசத்தைத் தின்றுவிட்டுத்தான் நாங்கள் நண்பர்களானோம்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று வகுப்பு பிரியும். நாங்கள் இருவரும் மறைக்கல்விக்குப் போவோம். அவன் மலையாளிப் பழங்குடி. என் தாத்தா காலத்திலேயே நாங்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்த அறைக்குள் இருவருக்கும் ஒரே ஜெபம்.

ஸ்காலர்ஷிப் பட்டியல் எடுத்த நாளில்தான் பிரிந்தோம். "எஸ்.டி.யெல்லாம் எழுந்து நில்லு" என்றார் வாத்தியார். அவன் நின்றான். "எஸ்.சி.யெல்லாம் எழுந்து நில்லு." நான் பாதி எழுந்தேன். பதிவேட்டைப் பார்த்தவர், "டேய், நீ பி.சி. உக்காரு" என்றார். வகுப்பு சிரித்தது. அதிகம் சிரித்தவன் ஊர்த்தெருவிலிருந்து வந்தவன். அவன் வீட்டு வழியாக என் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார். அவனும் பி.சி., நானும் பி.சி.

அப்பா ஓர் அலுவலகத்தில் போய்க் கேட்டார்: "ஞானஸ்நானம் வாங்கிட்டா நாங்க குடியிருக்கிற தெரு மாறிடுமா சார்?" எழுத்தர் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. அப்போது எங்கள் மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்!

காரணம் 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை. இந்து மதம் தவிர வேறு மதத்தவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார்கள் என்றது அதன் மூன்றாம் பத்தி. 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். பழங்குடிகளுக்கான ஆணையில் மதம் பற்றிய பேச்சே இல்லை. அதனால் என் நண்பன் கோயிலுக்குப் போனாலும் பழங்குடிதான். அது நியாயம், அதில் எனக்குத் துளியும் குறையில்லை. அதே நியாயம் எனக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே சென்னையில் செருப்புத் தைத்த சூசை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தைக்கும் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறித்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1985-ல் மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்றது தீர்ப்பு. ஆதாரம் வேண்டுமென்றால் எங்கள் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தால் போதும்.

பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவரானவர்களை, எத்தனை தலைமுறை ஆனாலும், தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. 18 சதவீதத்தில் இடமில்லை. உள்ளாட்சித் தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத் தடையை நீக்கச் சொன்னது. 2022-ல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அரசை மட்டும் திட்டிவிட்டு நிறுத்தினால் நான் நேர்மையற்றவன். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணமே, 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்கிறது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. அந்தச் சிறுபான்மையில் பெரும்பான்மை யார்? நாங்கள்தானே. எங்கள் தலைகளையும் எண்ணிப் பெற்ற உரிமையில் நடக்கும் பள்ளிகள், ஆறாம் வகுப்பில் எத்தனை தலித் பிள்ளைகளைச் சேர்த்தோம், அதில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டினார்கள் என்று ஆண்டுதோறும் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமே. மறைமாவட்டங்கள் இதற்கு எந்த ஆணையத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

போன சேர்க்கையின்போது எங்கள் காலனியிலிருந்து ஒரு தங்கச்சி படிவத்தோடு வந்தாள். மகனுக்குக் கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், அங்கன்வாடியில் ஒரு பெயர். இது எங்களில் பல வீடுகளில் உள்ளதுதான். "எந்தப் பேர எழுதறதுண்ணா?"

இப்போது எழுதும் பெயர்தான் டி.சி.யிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் வரும் என்றேன். பிறகு மாற்ற வேண்டுமானால் அரசிதழ் வரை அலைய வேண்டும். கிறித்தவ ஆதிதிராவிடர் என்று எழுதினாலும், பத்தாவதுக்கு மேல் படிக்கும்போது மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை கிடைக்கும். இது தெரியாமலே பலர் விண்ணப்பிப்பதில்லை. ஆனால் வேலைக்குப் போகும்போது இட ஒதுக்கீட்டில் அவன் பி.சி.தான். இதையும் மறைக்காமல் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப மலைப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஒரே பேரு போதுமாண்ணா?" என்றாள். படிவத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது.