நிரல் மொழியிற் கண்டிப்பு முறையும் தளர்வு முறையும்

ஒரு மொழியின் விதிகளைப் பிற்காலத்தில் இறுக்க முற்படுவோர், பழைய விதிகளின்படி எழுதப்பட்டவற்றை என் செய்வது என்னும் வினாவை எதிர்நோக்குவர். கணினிக்குரிய நிரல் மொழிகளுக்கும் இவ்வினா உண்டு. 1995 இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் அதற்குக் கண்ட விடையினை ஈண்டு நோக்குவோம்.

தொடக்கத்தில் அம்மொழி பிழைகளைப் பெரிதும் பொறுத்தது. 'தொகை' என்னும் மாறியை அறிவித்தவர், பின்னர் அதற்குப் பெறுமானம் இடுகையில் 'தோகை' எனத் தவறி எழுதின், அப்பெயரிற் புதிய பொதுமாறி ஒன்று ஓசையின்றித் தோன்றிவிடும். 010 என்பது பத்தாகவன்றி எட்டாகக் கொள்ளப்படும். இவற்றை அடியோடு விலக்கின், இவற்றைச் சார்ந்து எழுதப்பட்ட பழைய இணையப் பக்கங்கள் இயங்காதொழியும். ஆதலின், 2009 டிசெம்பரில் வெளிவந்த எக்மாஸ்கிரிப்ட் நியமத்தின் ஐந்தாம் பதிப்பு, வேண்டுவோர் மட்டும் ஏற்கத்தக்கதாகக் கண்டிப்பு முறையை வகுத்தது. அம்முறையில் மேற்கூறிய இரண்டும் வழுக்களாம்.

அதனை ஏற்பதற்கு, நிரலின் அல்லது சார்பின் தலைப்பில் 'யூஸ் ஸ்ட்ரிக்ட்' என்னும் தொடரை மேற்கோட்குறிகளுள் இட்டால் போதும். புதிய உலாவி அதனைக் கட்டளையாகக் கொள்ளும். பழைய உலாவியோ பயனற்ற எழுத்துத்தொடராகக் கருதி அப்பாற் செல்லும். புதிய நிரல் பழைய உலாவியிலும் இயங்க இவ்வுத்தி வழிசெய்தது.

எனினும், இங்கேயே இடரும் தோன்றுகின்றது. ஒரே நிரல் இரு பொருள் பெறலாம். வெறுமனே அழைக்கப்படும் சார்பினுள் 'திஸ்' என்னும் சொல், தளர்வு முறையில் நிரல் முழுவதற்கும் பொதுவான பொருளைச் சுட்டும்; கண்டிப்பு முறையில் எதனையும் சுட்டாது. அச்சொல்லைச் சோதித்துக் கிளைபிரியும் நிரல் ஈரிடத்தும் ஈராறாக நடக்கும். இரு கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போதும் சிக்கல் எழும். கண்டிப்புக் கோப்பு முன்னின்றால், பின்வரும் தளர்வுக் கோப்பும் அதன் ஆட்சிக்குட்படும். பின்னின்றால், அதன் அறிவிப்பு தலைப்பிடம் இழந்து வலுவற்றுப்போம். ஒவ்வொரு கோப்பையும் தனிச் சார்பினுள் அடக்கி, அறிவிப்பை அச்சார்பின் தலைப்பில் வைத்தலே இதற்குப் பரிகாரம்.

2015 இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு வேறொரு வழியையும் சேர்த்தது. அது புகுத்திய கூறுநிரல்களும் வகுப்புகளும் அறிவிப்பின்றியே கண்டிப்பு முறைக்கு உரியன. அவ்வடிவங்கள் முன்னர் வழக்கில் இல்லாமையால், அவற்றாற் குலையத்தக்க பழைய நிரல் எதுவும் இருக்கவில்லை.

பழைய நிரல் இயங்குவது மட்டும் இணக்கம் ஆகாது; ஒரே நிரல் ஈரிடத்தும் ஒரே பொருள் தருதலும் வேண்டும். முன்னதை மொழியமைப்போர் காத்தனர். பின்னதை, இரு முறைகளிலும் இயக்கிப் பார்த்து, நிரல் எழுதுவோரே உறுதிசெய்தல் வேண்டும் என்பது எமது துணிபு.