சின்னாளப்பட்டியில் ஒரு வீட்டுக்கு எது நியாய வாடகை?

வாடகையை எப்படி நிர்ணயிப்பது என்று கேட்டால், போட்ட முதலுக்கு வட்டி வர வேண்டும் என்பதே வீட்டு உரிமையாளர் பலரின் விடை. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ‘நியாய வாடகை’யும் ஏறக்குறைய இதே வழியில்தான் சென்றது. மனையின் சந்தை மதிப்பையும் கட்டுமானச் செலவையும் கூட்டி, குடியிருப்புக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு, மற்றக் கட்டடங்களுக்கு 12 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது.

இந்தக் கணக்கைச் சின்னாளப்பட்டியில் பொருத்திப் பார்ப்போம். மனையும் கட்டடமுமாக 20 லட்சம் ரூபாய் பெறும் வீட்டுக்கு மாத வாடகை 15,000 ரூபாய் என்று வரும். தறியை நம்பியுள்ள குடும்பம் அதைத் தாங்குமா? மனை விலை திண்டுக்கல்–மதுரை நெடுஞ்சாலையைப் பார்த்து ஏறுகிறது. நெசவுக் கூலி அப்படி ஏறுவதில்லை. ஆகவே, அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு இன்று என்ன கிடைக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். பக்கத்திலுள்ள காந்திகிராமப் பல்கலைக்கழகத்தை நம்பி அறை தேடுவோரிடம் கேட்கும் தொகையை நெசவாளர் தெருவுக்குக் கொண்டுவருவதும் பொருந்தாது.

கூடுதலாகக் கேட்டுப் பார்ப்பதில் என்ன நட்டம் என்பார்கள். 6,000 ரூபாய்க்குப் பன்னிரண்டு மாதமும் ஆள் இருந்தால் ஆண்டு வரவு 72,000. 6,500 கேட்டு ஒரே ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 71,500. தரகுக் கூலியும் வெள்ளையடிக்கும் செலவும் தனி.

இந்த ஊரில் தொகையைவிடச் சிக்கலானது வேறொன்று. நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம். தரையைத் தோண்டிக் குழித்தறி இறக்கியவர், அடுத்த ஆண்டு வாடகை கட்டுப்படியாகவில்லை என்று பாவைப் பாதியில் விட்டுக் கிளம்ப முடியாது. அந்த இக்கட்டு உரிமையாளருக்கும் தெரியும். திடீர் உயர்வுகளுக்கு இடம் தருவது அதுதான். பேரம் பேசும் வலிமை குழி வெட்டிய அன்றே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பழைய விழுக்காட்டுக் கணக்கைக் கைவிட்டு, வாடகையை இரு தரப்பு ஒப்பந்தத்திடம் ஒப்படைத்திருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வாடகை உயர்வும் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். எனவே நெசவாளர் கையெழுத்திடும் முன்பே, ஆண்டு உயர்வு எவ்வளவு, குழி வெட்ட அனுமதி உண்டா, காலி செய்யும்போது அதை மூடும் செலவு யாருடையது என்பவற்றையும் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.