உறியில் ஒரு தக்காளித் தோட்டம்

தயிர்ப் பானையைப் பூனைக்கு எட்டாமல் உறியில் தொங்கவிட்டனர் நம் பாட்டிமார். அந்த உறியிலே ஒரு தக்காளிச் செடியைத் தொங்கவிட்டால் என்ன? புனேயில் விடுதி அறையிலும் வாடகை வீட்டிலும் தங்கிப் படிக்கும் நமக்குத் தோட்டம் போட நிலம் ஏது? ஆனால் வெயில் விழும் தாழ்வாரம் ஒன்று பலருக்கும் உண்டு. அது போதும்.

“தக்காளிதான் கடையில் கிடைக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களை நினைத்துப் பாருங்கள். கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சில நகரங்களில் இருநூறையும் எட்டியது. அதற்குச் சில திங்கள் முன்னர்தான் இதே மராட்டிய மாநிலத்தில் விலை விழுந்து, உழவர்கள் பழங்களைச் சாலையில் கொட்டினார்கள். நமது ஒரு கூடை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடாது. ஆயினும் ரசத்துக்கு நாலு பழம் தரும். ஒரு பழம் விளைவதற்குள் எத்தனை இடர் நேரும் என்பதையும் கற்றுத் தரும்.

பெயரும் பிறப்பும்

தக்காளியின் தாயகம் தென் அமெரிக்கா. அதைப் பயிராக்கி வளர்த்தவர்கள் மெக்சிக்கோப் பகுதி மக்கள். அவர்களுடைய ‘தொமாத்ல்’ என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகள் வழியாக ‘டொமாட்டோ’ ஆயிற்று. நம் நாட்டுக்கு அது கடல் கடந்து வந்தபோது, மணத்தக்காளி போன்ற செடிகளுக்கு நம்மவர் முன்பே வழங்கிவந்த பெயரை அதற்கும் இட்டு, ‘சீமைத் தக்காளி’ என்றனர். நாளடைவில் ‘சீமை’ உதிர்ந்தது. விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிட்டார்!

எந்தச் செடி தொங்கும்?

எல்லாத் தக்காளியும் கூடைக்கு ஏற்றதன்று. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 வயலுக்குச் சிறந்த இரகம். நெடுந்தொலைவு சென்றாலும் பழம் கெடாது. ஆனால் அந்தப் பெரிய பழங்களின் பளுவைச் சிறு கூடையிலுள்ள செடி தாங்காது. சிறு பழம் காய்க்கும் ‘செர்ரி’த் தக்காளிகளில் குட்டையாகப் படர்ந்து வளரும் இரகங்களே நமக்கு வேண்டியவை. ‘டம்ப்ளிங் டாம்’ என்பது கூடைக்கென்றே பெயர் பெற்ற ஓர் இரகம்.

செடி ஏன் கீழே தொங்குகிறது? புவியீர்ப்பை மறந்துவிட்டதாலா? இல்லை. தண்டு சாய்ந்தவுடன் அதன் கீழ்ப்பக்கத்தில் ‘ஆக்சின்’ என்னும் வளர்ச்சிப் பொருள் மிகுதியாகச் சேர்கிறது. அப்பக்கம் விரைந்து நீள்கிறது. ஆகவே நுனி மேல்நோக்கி வளைகிறது. ஆனால் மெலிந்த தண்டைக் காய்களின் பளு கீழே இழுக்கிறது. இவ்விரண்டுக்கும் நடக்கும் போட்டியில்தான் அந்த அழகிய வளைவு பிறக்கிறது.

மண்ணும் பளுவும்

முதன்முறை நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்திலிருந்த கரிசல் மண்ணை அப்படியே அள்ளிக் கூடையில் நிரப்பினேன். தக்காணத்து எரிமலைப் பாறை சிதைந்து உண்டான மண் அது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். ஒரு மாலை வயிறார நீர் ஊற்றினேன். சிறிது நேரத்தில் கொக்கி பெயர்ந்து, கூடை இரண்டாம் மாடியிலிருந்து சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் விழுந்தது. அங்கே ஆள் இல்லாதது என் நல்ல காலம்!

பிறகுதான் கணக்குப் போட்டேன். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள அரைக்கோளக் கூடை ஏறத்தாழ 7 லிட்டர் கொள்ளும். நனைந்த மண் நிரம்பினால் பன்னிரண்டு கிலோ வரும். தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் கலந்தால் அதில் பாதியளவே வரும். எனவே பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டியாக வரும் நார்க்கழிவை வாங்குங்கள். உப்பு நீங்க இரண்டு முறை நீரில் அலசுங்கள். நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு, இதுவே கலவை. கொக்கியைச் சுண்ணாம்புப் பூச்சில் அடிக்காதீர்கள். கான்கிரீட்டிலோ இரும்புச் சட்டத்திலோ மாட்டுங்கள். ஆட்கள் நடக்கும் வழிக்கு மேல் எக்காரணம் கொண்டும் தொங்கவிடாதீர்கள்.

பருவமும் வெயிலும்

என் இரண்டாம் பிழை, ஏப்ரலில் பூக்கும்படி விதைத்தது. பூக்கள் வந்தன, எல்லாம் உதிர்ந்தன. பகல் வெப்பம் 35 பாகைக்கு மேல் சென்றால் மகரந்தம் கெட்டுக் காய் பிடிக்காது. இரவு வெப்பம் 15 முதல் 20 பாகை வரை இருப்பது மிக நல்லது. மழைக்காலத்திலோ இலைக்கருகல் நோய் தாக்கும். ஆகையால் செப்டம்பர் நடுவில் விதைத்து, நான்கு வாரம் கழித்துக் கூடைக்கு மாற்றுவதே புனேக்குப் பொருந்தும்.

நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். குளிர்காலத்தில் கதிரவன் தென்புறமாகச் சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய தாழ்வாரம் உள்ளவர்கள் பேறு பெற்றவர்கள்.

நீரும் உணவும்

தரையிலுள்ள செடி ஆழத்தில் நீரைத் தேடும். கூடைச் செடிக்கு அந்த வழி இல்லை; நாற்புறமும் காற்றுப் பட்டு விரைவில் காய்கிறது. காய்க்கும் காலத்தில் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும். ஒருநாள் வாடவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் பழம் வெடிக்கும். சுண்ணாம்புச் சத்து நீரோடுதான் காய்க்குச் செல்கிறது. நீர் சீராக இல்லையேல் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். நோய் என்றெண்ணி மருந்து தெளிப்பவர் பலர். அதற்கு மருந்து ஒழுங்கான நீர்தான்.

அடிக்கடி ஊற்றும் நீரோடு உரமும் வழிந்துவிடும். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரை, மேலும் நீர் கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

இங்கே உறிக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால், சிறிது குலுக்கினாலே மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். வயலில் சில வண்டினங்கள் ரீங்கரித்துச் செய்யும் வேலையை, இங்கே கூடை ஊசலாடும்போது காற்றே செய்துவிடுகிறது.

விடுமுறையில் யார் காப்பது?

நட்ட சில நாளில் தீபாவளி விடுமுறை வந்துவிடும். நாம் ஊருக்கு இரயிலேறிவிடுவோம், செடி ஏறுமா? மேலே ஒரு குடுவை நீரை வைத்து, அதிலிருந்து பருத்தித் திரியைக் கூடை மண்ணுக்குள் செலுத்தினால் இரண்டொரு நாள் தாங்கும். அதற்கு மேல் மனித உதவியே வேண்டும். என் கூடையைக் காத்தவர் அடுத்த அறை மராத்தி நண்பர். அதுவரை எங்களுக்குள் வணக்கத்துக்கு மேல் பேச்சு இருந்ததில்லை. திரும்பி வந்தபோது செடி ஒரு சாண் வளர்ந்திருந்தது, நட்பும் வளர்ந்திருந்தது.

பொங்கலன்று முதல் பழங்களைப் பறித்தோம். எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று. பாதி அவருடைய சங்கராந்தி விருந்துக்குச் சென்றது. மீதி நமது ரசத்தில் கொதித்தது. செப்டம்பர் வரும்போது நீங்களும் ஒரு கூடை தொடங்குங்கள், நண்பர்களே! கொக்கியை மட்டும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.