மோட் போதுமா, சொந்த கேம் வேண்டுமா?

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசைகட்டும் கண்டெய்னர் லாரியை, 2012-ல் வெளிவந்த ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ கேமில் ஓட்ட ஆசையா? பிளெண்டர் என்னும் இலவச சாப்ட்வேரில் லாரியை வடிவமைத்து அந்த கேமில் சேர்க்கலாம். இதைத்தான் ‘மோட்’ என்கிறார்கள். கேமின் புதிய வெர்ஷன் வந்தால் பழைய மோட் இயங்காமல் போகலாம். எத்தனை இரவு உழைப்பு!

எனவே சொந்த கேமுக்கு மாற நினைப்பவர்கள் உண்டு. அதற்கு, கேமை இயக்கும் அடிப்படை புரோகிராமான ‘இன்ஜின்’ தேவை. யூனிட்டி இன்ஜின் 2023-ல் இன்ஸ்டால் எண்ணிக்கைப்படி கட்டணம் என அறிவித்து, எதிர்ப்பால் 2024-ல் கைவிட்டது. 2014 முதல் ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கும் கோடோ முற்றிலும் இலவசம்.

ஆனால் நீங்கள் வடிவமைத்த லாரி மட்டுமே உங்களுடன் வரும். பழைய கேமின் சாலை, டிராபிக் எதுவும் வராது. முதலில் லாரியை ஜி.எல்.டி.எப். பைலாக சேமித்து, கோடோவில் திறந்து பாருங்கள். பிளெண்டர் பைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.