களைந்து படைத்த மலர்

புதிய மலரினம் ஒன்றைப் படைப்பதற்குக் கண்ணாடி வீடும், நுணுக்குக்காட்டியும், பட்டம் பெற்ற விஞ்ஞானிகளும் வேண்டும் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஒரு தோட்டக்காரர், வாடகைக்கு எடுத்த சிறு நிலத்திலே, தமது ஐம்பத்துநான்காம் வயதில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். எண்பதாம் வயதில் அதன் பயனை உலகம் கண்டு வியந்தது. அவர் பெயர் ஜோர்ஜ் றஸ்ஸல். இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யோர்க் நகரில் வாழ்ந்தவர். அவர் உருவாக்கிய மலரினம் 'றஸ்ஸல் லூப்பின்' என்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அவரது முறையோ மிக எளியது. செடிகளை மணமுடித்து வைக்கும் வேலையை வண்டுகளிடம் விட்டார். தாம் செய்தது பிடுங்கி எறிந்தது ஒன்றே. அந்த ஒரு வேலையைக் கால் நூற்றாண்டு தளராது செய்தார் என்பதிலேதான் அவரது பெருமை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

நீலப் பூங்கதிர்

லூப்பின் என்பது பயறு, அவரை முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. குளிர் நாடுகளில் நன்கு வளர்வது. அதன் இலை, விரித்த கைவிரல்களைப் போன்றது. பூவோ அவரைப் பூவின் சாயலுடையது. நிமிர்ந்து நிற்கும் தண்டிலே பூக்கள் வட்டம் வட்டமாக அடுக்கி அமைந்து, ஒரு முழ நீளக் கதிராகக் கீழிருந்து மேலாக மலர்ந்து செல்லும்.

தோட்டங்களில் வளர்க்கப்பட்ட முக்கிய இனத்தை, வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலிருந்து 1820களில் பிரித்தானியாவுக்கு அனுப்பியவர் டேவிட் டக்ளஸ் என்னும் தாவர ஆய்வாளர். அது பெரும்பாலும் நீல நிறத்தது. வெண்மையும் மங்கிய செம்மையும் சிறுபான்மை உண்டு. கதிரிலே பூக்கள் இடைவிட்டு அமைந்திருந்தமையால் தண்டு வெளியே தெரியும். மேலிதழும் குறுகிப் பின்னோக்கி மடிந்து கிடக்கும். பார்ப்பவர் மனத்தைப் பெரிதும் கவரும் மலர் என்று அதனை அக்காலத்தில் எவரும் கூறவில்லை.

1857இல் பிறந்த றஸ்ஸல், பிறர் வீட்டுத் தோட்டங்களிலே கூலிக்கு வேலை செய்து வாழ்ந்தவர். 1911ஆம் ஆண்டில், தாம் வேலை பார்த்த வீடொன்றில், பூச்சாடியில் வைக்கப்பட்டிருந்த லூப்பின் மலர்களைக் கண்டார் என்றும், இதனினும் சிறந்ததை ஆக்கலாமே என்று அப்பொழுதே அவருக்குத் தோன்றிற்று என்றும் கூறுவர். நகரவாசிகள் காய்கறி பயிரிடுவதற்கென வாடகைக்கு விடப்படும் துண்டு நிலங்கள் அவர் கைவசம் இருந்தன. பல இடங்களிலிருந்தும் பலவகை லூப்பின் விதைகளைத் தேடிப் பெற்று, அங்கே அருகருகாக விதைத்தார்.

வண்டு செய்த பணி

இரு செடிகளைக் கலப்பதற்குத் தோட்டக்கலைஞர் வழக்கமாகக் கையாளும் முறை ஒன்றுண்டு. ஒரு பூவின் மகரந்தப் பைகளை அவை வெடிக்குமுன் இடுக்கியால் அகற்றிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துச் சூலகமுடியிலே தடவி, பின்னர் அந்தப் பூவை மூடிக் கட்டிவிடுவர். லூப்பினில் இது மிகக் கடினமான வேலை. அதன் மகரந்தப் பைகள் மொட்டு விரியுமுன்னரே வெடித்துவிடும். ஆகவே சின்னஞ்சிறு மொட்டைப் பிளந்து இதனைச் செய்தல் வேண்டும். அவ்வளவு பாடுபட்டாலும் ஒரு பூவிலிருந்து கிடைப்பவை சில விதைகளே.

றஸ்ஸல் இந்த வழியை நாடவில்லை. உடலிலே உரோமம் அடர்ந்த பருத்த வண்டுகள் அவருடைய தோட்டத்தில் ஏராளமாக உலாவின. லூப்பின் மலரிலே தேன் இல்லை. வண்டுகள் மகரந்தத்துக்காகவே வருகின்றன. படகு போல் இணைந்திருக்கும் கீழிதழ்களின் மீது வண்டு வந்து அமர்ந்ததும், அதன் பாரத்தால் இதழ்கள் தாழ, உள்ளிருக்கும் மகரந்தம் நுனித் துவாரத்தால் வெளிப்பட்டு வண்டின் வயிற்றிலே ஒட்டிக்கொள்ளும். அடுத்த செடிக்கு அது பறந்து செல்லும்போது கலப்பு நிகழ்ந்துவிடுகின்றது. ஒரு மனிதன் பல நாள் முயன்றும் செய்து முடிக்க இயலாத வேலையை வண்டுகள் ஒரு காலைப் பொழுதிலே செய்துவிடும்.

ஆனால் வண்டுக்கு நல்லது தீயது தெரியாது. அழகிய பூவின் மகரந்தத்தையும் அழகற்ற பூவின் மகரந்தத்தையும் அது ஒன்றாகவே சுமந்து செல்லும். இதனை நன்கு உணர்ந்தே றஸ்ஸல் தமது விதியை வகுத்துக்கொண்டார். கதிரின் முதற் பூக்கள் விரிந்து குணம் தெரிந்த மாத்திரத்தே, தரம் குறைந்த செடியை வேரோடு பிடுங்கிவிடுவார். தோட்டத்திலே நல்லவை மட்டுமே நிற்குமானால், வண்டு எங்கே சென்றாலும் நல்லதையே நல்லதோடு சேர்க்கும் அல்லவா? வண்டின் போக்கை அவர் தடுக்கவில்லை. வண்டு செல்லக்கூடிய இடங்களையே தாம் தெரிவு செய்து வைத்தார்.

ஏன் இத்தனை ஆண்டுகள்?

மெண்டல் என்னும் துறவி பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866இல் வெளியிட்ட பாரம்பரிய விதிகள் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1900ஆம் ஆண்டிலேயே மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. ஒரு செடி தன் தாய் தந்தை இருவரிடமிருந்தும் குணங்களைப் பெறுகின்றது. அவற்றுட் சில வெளியே தெரியாது மறைந்திருந்து, பின்வரும் தலைமுறையிலே தலைகாட்டும் என்பது அவ்விதிகளின் சாரம். ஆகவே நீலப் பூச்செடிகளை ஒரு முறை பிடுங்கி எறிந்துவிட்டால் நீலம் ஒழிந்துவிடாது. வேறு நிறம் காட்டும் செடிகளின் விதையிலிருந்தும் வேண்டாத குணங்கள் மீண்டும் முளைக்கும். ஒவ்வோராண்டும் விதைத்து, பூக்கும்வரை காத்திருந்து, தெரிந்து, களைந்து, மீண்டும் விதைத்தல் வேண்டும். லூப்பின் விதைத்த மறு ஆண்டிலேதான் நன்றாகப் பூக்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தால், றஸ்ஸலின் பொறுமை எத்தகையது என்பது விளங்கும்.

மெல்ல மெல்ல அவர் நினைத்தது கைகூடிற்று. மேலிதழ் அகன்று நிமிர்ந்தது. பூக்கள் நெருங்கித் தண்டை மறைத்தன. மஞ்சள், செம்மை, இளஞ்சிவப்பு, ஊதா என்று நிறங்கள் பெருகின. ஒரே பூவில் இரு நிறங்கள் காட்டும் செடிகளும் தோன்றின.

இச்செய்தி பரவவே நாற்றுப்பண்ணையாளர் பலர் அவரை நாடி வந்தனர். பல்லாண்டுகளாக அவர் விற்க மறுத்தார். தம் நோக்கம் நிறைவேறுமுன் செடிகளைக் கைவிட அவருக்கு மனம் வரவில்லை. ஈற்றில் வுல்வர்ஹம்ப்ரனுக்கு அண்மையிலே பண்ணை வைத்திருந்த பேக்கர் என்பவர், முதுமை எய்திய அவரிடம், அவருக்குப் பின் இம்மலர்கள் அழிந்து போகலாமா என்று எடுத்துரைத்து இணங்கச் செய்தார். 1937ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியிலே அவை வைக்கப்பட்டபொழுது, கண்டவர் வியப்புற்றனர். அவ்வாண்டே சங்கத்தின் வீச் நினைவுப் பதக்கம் றஸ்ஸலுக்குக் கிடைத்தது. 1951இல் பிரித்தானிய அரசின் எம்.பி.இ. விருதையும் பெற்று, அவ்வாண்டிலேயே அவர் காலமானார்.

கை ஓய்ந்த பின்னர்

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் நாற்றுப்பண்ணைகள் பூவை விடுத்து உணவுப் பயிர் செய்ய நேர்ந்தது. பின்னர் வைரசு நோய்களும் லூப்பினைப் பற்றின. வெட்டுத் துண்டுகளால் பெருக்கப்பட்ட பெயர்பெற்ற வகைகள் பல, நோயையும் உடன்கொண்டு சென்று நலிந்தன. தோட்டத்திலே தாமாக விழுந்து முளைக்கும் செடிகளோ, கவனிப்பார் இன்றேல் சில தலைமுறைகளில் பெரும்பாலும் பழைய நீலத்துக்கே திரும்பிவிடுகின்றன. பின்னாளில் வளர்ப்போர் சிலர் மீண்டும் விதையிலிருந்து தொடங்கி, றஸ்ஸலைப் போலவே தெரிந்தும் களைந்தும் தரத்தை மீட்டனர்.

நியூசிலாந்தின் தென் தீவிலே இதே செடி வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. அங்குள்ள மக்கென்சிப் பகுதியில் அது தோட்டத்தைக் கடந்து தெருவோரங்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் பரவியுள்ளது. முற்றிய காய் வெடித்து விதையைத் தூர வீசுவதும், ஆற்று நீர் விதையைச் சுமந்து செல்வதும் அதற்கு வாய்ப்பாயின. ஏரிக்கரையிலே பூத்துக் குலுங்கும் அக்காட்சியைப் படம் பிடிக்கச் சுற்றுலாப் பயணிகள் திரள்கின்றனர். ஆனால் வெறும் கூழாங்கற் படுகையிலே கூடு கட்டி வாழும் காக்கி என்னும் அரிய கருநிறப் பறவைக்கு அவ்விடத்தை இச்செடி மறைத்துவிடுகின்றது. பறவைகளை வேட்டையாடும் பூனை முதலியவற்றுக்கு அது மறைவிடமும் ஆகின்றது. ஆகவே இயற்கைப் பாதுகாவலர் அதனைக் களை என்று கருதி அழிக்கின்றனர். யோர்க் நகரத்துத் தோட்டத்தில் அழகாக இருந்த செடி, பிடுங்கும் கை இல்லாத இடத்திலே தீங்காக முடிந்தது.

நம் நாட்டுத் தோட்டக்காரரும் இக்கலையை அறியாதவர் அல்லர். கத்தரித் தோட்டத்திலே சிறந்த செடியின் நல்ல காயைப் பறிக்காது விதைக்கென முற்றவிடும் வழக்கம் இதன் பாற்பட்டதே. மாணவர்கள் இதனைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் காசித்தும்பை மிக ஏற்றது. பல நிறத்து விதைகளைக் கலந்து விதையுங்கள். சில வாரங்களிலே பூக்கும். விரும்பிய நிறத்துச் செடிக்கு நூல் கட்டி, மற்றவற்றை முதற் பூவிலேயே பிடுங்கிவிடுங்கள். காய் வெடிக்குமுன் விதை சேர்த்து, ஒவ்வொரு விதைப்பிலும் எத்தனை செடி எந்நிறம் காட்டிற்று என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்று நான்கு தலைமுறைகளில் மாறுதல் கண்ணுக்குப் புலப்படும்.

பூத்து நிற்கும் செடியைப் பிடுங்குவதற்கு முதலில் எவருக்கும் மனம் இசையாது. றஸ்ஸல் அதனையே இருபத்தாறு கோடைகளிலே இடைவிடாது செய்தார்.