'பாஸ்'ஸைத் திறந்து பார்த்தீங்களா, பாஸ்?

காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. பஸ் மூச்சு வாங்கி மேலே ஏறினா, கொல்லிமலை! மிளகு, காபி, பலா, ஆகாய கங்கைனு நம்மகிட்ட ஒரு லிஸ்ட் இருக்கு. அதுல லேப்டாப்பையும் சேர்த்துக்கோங்க. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்துல, மலைமேல அரசுப் பள்ளியில பிளஸ் டூ படிச்சவங்க கைக்கும் லேப்டாப் வந்துச்சு.

அந்த ஆரம்பகால லேப்டாப்கள்ல விண்டோஸோட 'பாஸ்' லினக்ஸும் இருந்துச்சு. ஆன் பண்ணினதும் 'எது வேணும்?'னு மெனு கேட்கும். நிறையப் பேர் விண்டோஸ்ல என்டர் தட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த இன்னொரு வரியில என்னதான் இருக்கு?

பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சுருக்கமா, பாஸ். சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. தமிழ்லயும் வேலை செய்யும். நம்ம ஊர்ச் சரக்கு!

ஆபரேட்டிங் சிஸ்டம்னா ஹாஸ்டல் வார்டன் மாதிரி. எந்த புரோகிராமுக்கு மெமரியில எந்த ரூம், யாருக்கு எப்போ பிராசஸர், யார் எந்த ஃபைலைத் தொடலாம்... எல்லாம் அவர் முடிவு. வார்டன்கள்ல பல வகை. 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் பிறந்தது யுனிக்ஸ். இன்றைய மேக் அந்தப் பரம்பரை. விண்டோஸ் தனிக் குடும்பம். 1991-ல், ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். கோடை யார் வேணும்னாலும் படிக்கலாம், மாத்தலாம், காப்பி எடுத்துக் கொடுக்கலாம். டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாம் அதுல கட்டின வெவ்வேறு வீடுகள். பாஸ், டெபியனை வெச்சுக் கட்டினது. உங்க பாக்கெட்ல இருக்கிற ஆண்ட்ராய்டுக்குள்ளயும் லினக்ஸ் கெர்னல்தான்!

சரி, இப்ப எதுக்கு இந்தக் கதை? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 சிப் வேணும். பழைய லேப்டாப்கள் பலதும் இதுல ஃபெயில். புதுசு வாங்க வசதியில்லாத வீட்டுல, ஓடிக்கிட்டு இருக்கிற மெஷினைப் பரண்ல போடணுமா? லினக்ஸ் மின்ட் 2 ஜிபி ரேம்லயே ஓடும். சிக்னல் தகராறு பண்ற ஊரா? காலேஜ் நெட்ல ஒருமுறை இறக்கினா போதும், அதே பென் டிரைவ் நண்பர்கள் எல்லாருக்கும் உதவும். இது திருட்டு சிடி இல்ல, சட்டப்படியே பகிரலாம்!

முதல்முறை தொடுறவங்களுக்கு...

* முதல்ல உங்க ஃபைல்களை வேற இடத்துல காப்பி எடுங்க.

* லினக்ஸை ஏத்தும்போது பென் டிரைவ்ல இருக்கிறது அழிஞ்சிடும். காலியானதை எடுங்க.

* உடனே இன்ஸ்டால் வேண்டாம். 'லைவ்' முறையில பென் டிரைவ்லயிருந்தே ஓட்டிப் பாருங்க. ஹார்ட் டிஸ்க் அப்படியே இருக்கும். வைஃபை, சவுண்ட், தமிழ் டைப்பிங் மூணும் வேலை செய்யுதா?

* ஆட்டோகேட் மாதிரி சில மென்பொருள்கள் லினக்ஸுக்கு இல்ல. பாடத்துக்கு அது வேணும்னா, விண்டோஸை அழிக்காம ரெண்டையும் வெச்சுக்கோங்க.

* பார்ட்டிஷன் பிரிக்கும் கட்டத்துல அவசரம் கூடாது. 'முழு டிஸ்க்கையும் அழி'ங்கிற ஆப்ஷனைத் தெரியாம அமுக்கினா எல்லாம் போச்சு. தெரிஞ்ச சீனியரைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க.

உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் 2017-லிருந்து லினக்ஸ்லதான் ஓடுது. அதே லினக்ஸ் உங்க பழைய லேப்டாப்லயும் ஓடும். இந்த ஞாயித்துக்கிழமை அதைப் பரண்ல இருந்து இறக்குங்க!