குனிந்து செய்யும் வேலையும் முதுகெலும்பு வட்டுகளின் தேய்வும்

களையெடுத்தல், நாற்று நடுதல், மூட்டை சுமத்தல் ஆகிய வேலைகள் யாவும் இடுப்பின் வலிமையைக் கொண்டே நடைபெறுகின்றன. மாட்டின் கழுத்தில் புண் கண்டால் உடனே நுகத்தடியைச் சீர்செய்யும் குடியானவர், வேலையாளின் இடுப்பு நோவை வயதின் விளைவென்று விட்டுவிடுவதுண்டு. அந்நோவிற்குக் கருவியும் பாரமும் காரணமாகலாம். அவற்றைத் திருத்துவது நிலச்சொந்தக்காரரின் கையில் உள்ளது.

வட்டுகளின் அமைப்பு.— முதுகெலும்பில் கழுத்து முதல் இடுப்பின் அடி வரை 23 வட்டுகள் எலும்புகளுக்கிடையே மெத்தைகளைப்போல் அமைந்துள்ளன. ஒவ்வொன்றின் நடுவிலும் நீர் மிகுந்த பசை போன்ற பொருளும், அதைச் சுற்றி உறுதியான நார் வளையமும் உண்டு. வளர்ந்தவரின் வட்டிற்குள் இரத்தவோட்டம் மிகச் சொற்பம். அண்டையெலும்பிலிருந்து ஊறிவரும் சத்தே அதற்கு ஆகாரம். ஆதலால் பழுதுற்ற வட்டு எளிதில் சீராவதில்லை. வயதும் பரம்பரையும் தேய்வுக்கு முக்கிய காரணங்கள். பெரும்பாரம் தூக்குதலும், நெடுநேரம் குனிந்திருத்தலும், புகைபிடித்தலும் அதனை அதிகப்படுத்தக்கூடும். நார் வளையம் கிழிந்து நடுப்பொருள் பிதுங்கி நரம்பை அழுத்துமாயின், நோவு பிட்டத்தினின்று கால்வரை இறங்கும்.

கலிபோர்னியாவில் நேர்ந்தது.— அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில், சாலினாஸ் பள்ளத்தாக்கு முதலிய இடங்களில், லெட்டூஸ் கீரை வயல்களில் குட்டைக்காம்புக் களைக்கொத்து வழங்கிவந்தது. அதைக்கொண்டு வேலை செய்வோர் பகல் முழுதும் இடுப்பை மடித்தே நிற்க நேர்ந்தது. காம்பு நீண்டால் பயிர் சேதமுறும் என்பது பண்ணைக்காரர் வாதம். முதுகு கெடும் என்பது வைத்தியர் சாட்சியம். 1975-ல் அந்த ராஜ்யத்தின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து அக்கருவி விலக்கப்பட்டது. நெடுங்காம்புடன் களையெடுப்பு தொடர்ந்து நடைபெற்றது.

செய்யத்தக்கவை.— களைக்கொத்தும் மண்வெட்டியும் ஆளின் உயரத்திற்கேற்ற காம்புடையனவாக இருத்தல் நலம். நெல்லை வரிசையாக நட்டால், நின்றபடி தள்ளும் சுழல் களைக்கருவியை உபயோகிக்கலாம். குனியும் வேலையையும் நிமிர்ந்த வேலையையும் மாற்றி மாற்றி அளிக்கவேண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது 1967-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் செய்த சிபார்சு. பெண்களுக்கு இதனினும் குறைவாக இருத்தல் வேண்டும். மூட்டையை முழங்காலை மடக்கி, உடலோடு அணைத்து எடுக்கவேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருகலாகாது.

நோவு கண்டால்.— பெரும்பாலான இடுப்பு நோவு சில வாரங்களில் தணியும். நாட்கணக்கில் படுத்திருப்பதால் தசைகள் தளரும். இயன்றவரை நடமாடுவதே நன்று. ஆனால் கால் வலுவிழத்தல், தொடையிடுக்கில் உணர்ச்சியறுதல், சிறுநீர் அல்லது மலம் தடைபடுதல் அல்லது தானே கழிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடலாம். கிராம அதிகாரிகள் இவ்வறிகுறிகளை நடவு தொடங்குமுன் யாவருக்கும் எடுத்துரைப்பது பெரும் உபகாரமாகும்.